சுடுநீரும் குளிர்விக்கும்

வேலை செய்யும் பொருள் எதுவாயினும் அது வெப்பத்தை வெளியிட்டே தீரும். ஏர் இழுக்கும் எருதின் உடல் சுடுகின்றது; ஓடி நின்ற மோட்டார் வண்டியின் இயந்திரம் சுடுகின்றது. கணக்கிடும் பொறியும் இவ்விதிக்கு விலக்கன்று. கணினியின் மூளை எனப்படும் செயலிக்குள் செல்லும் மின்சக்தி முழுவதும், கணக்கு முடிந்த மாத்திரத்தில் வெப்பமாகி வெளிவந்து விடுகின்றது. விரலின் நகத்தைவிடச் சிறிது பெரிதான சிலிக்கன் துண்டு ஒன்றிலிருந்து இருநூறு வாற்றுக்கு மேற்பட்ட வெப்பத்தை இடைவிடாது அகற்ற வேண்டிய நிலை இன்று உண்டாகியுள்ளது. அதனை அகற்றத் தவறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேற்சென்றால் நின்றுவிடும்.

இவ்வெப்பத்தை நீக்கும் வழிகளுள் நீரைக் கொண்டு நீக்குவது ஒன்று. கல்முனையிலிருந்து நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், வினாயகபுரம் எனத் தெற்கு நோக்கி நீளும் கடற்கரையில் வாழ்வோருக்கு இச்செய்தி வியப்பைத் தரலாம். தொட்டித் தண்ணீரே நண்பகலில் சுடுகின்ற ஊரில், கொதிக்கும் பொறியை அத்தண்ணீர் எங்ஙனம் குளிர்விக்கும் என்ற ஐயம் எழுவது இயல்பே. நீரென்றால் குளிர்ச்சி என்று எண்ணிப் பழகியதனால் எழுந்த ஐயம் அது. கணினிக்குள் நீர் புகுந்தும் விலகியும் மீண்டும் புகுந்தும் வந்த வரலாற்றை நோக்கினால், அங்கு நீர் குளிர்ச்சியைக் கொடுக்கவில்லை, வெப்பத்தைச் சுமந்து செல்கின்றது என்பது புலனாகும். சுமப்பதற்கு அது குளிர்ந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இவ்வேறுபாட்டை விளக்க இரு பழைய உதாரணங்கள் போதும். முதலாவது மண்பானை. கீழ்க்கரையில் கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில் பானைத் தண்ணீர் நன்கு குளிர்ந்திருக்கும். பானையின் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, எஞ்சிய நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. மாரியில் வாடைக் காற்று ஈரத்தைச் சுமந்து வரும்போது அதே பானை அத்துணை குளிர்ச்சி தருவதில்லை. ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்றுக்குள் நீர் எளிதில் ஆவியாகாது. இது ஆவியாதலால் விளையும் குளிர்ச்சி.

இரண்டாவது உதாரணம் மோட்டார் வண்டியின் றேடியேற்றர். இங்கு நீர் ஆவியாவதில்லை. இயந்திரத்தைச் சுற்றி ஓடி வெப்பத்தை ஏற்று, மெல்லிய குழாய்களுக்குள் புகுந்து, அவற்றினூடு வீசும் காற்றிடம் அவ்வெப்பத்தை ஒப்படைத்துத் திரும்புகின்றது. 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தேன்கூட்டு வடிவ றேடியேற்றர் இவ்வமைப்புக்குப் புகழ் தேடித்தந்தது. ஒரு சிறு பரப்பிலே பிறக்கும் வெப்பத்தை நீரின் உதவியால் ஒரு பெரும் பரப்புக்குக் கொண்டுசென்று காற்றில் விடுவதே அதன் தத்துவம். நீரால் குளிரும் கணினி மண்பானையின் வழித்தோன்றல் அன்று. இந்த றேடியேற்றரின் வழித்தோன்றலே ஆகும்.

கணினியின் தொடக்க காலத்தில் நீருக்கு இடமிருக்கவில்லை. 1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் பொறியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒரு மண்டபத்தை நிறைத்து நின்ற அப்பொறி ஏறத்தாழ 150 கிலோவாற்று மின்சக்தியை உண்டது. எனினும் அவ்வெப்பம் முப்பது தொன் எடையுள்ள அமைப்பெங்கும் பரவியிருந்தமையால், பெரும் காற்றூதிகளைக் கொண்டே அதனை வெளியேற்ற முடிந்தது. வெப்பத்தின் மொத்த அளவைக் காட்டிலும், அது எவ்வளவு சிறிய இடத்திற் குவிந்துள்ளது என்பதே உண்மையான இடர் என்பதை அடுத்து வந்த தலைமுறையே உணர்ந்தது.

குழாய்களின் இடத்தைத் திரான்சிற்றர்கள் பிடித்தபோது பொறிகள் சுருங்கின. மின்சாரம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்லும் நேரமும் கணக்கின் வேகத்தைத் தடுப்பதால், வேகம் வேண்டிய பொறியியலாளர் உறுப்புகளை மேலும் மேலும் நெருக்கி அடுக்கினர். நெருக்கம் வேகத்தைக் கொடுத்தது; கூடவே வெப்பத்தையும் குவித்தது. 1964இல் சீமோர் கிறே வடிவமைத்த சி.டி.சி. 6600 என்னும் கணினியின் சட்டங்களுக்குள் குளிர்சாதனப் பெட்டிகளில் ஓடும் பிரியோன் ஓடவிடப்பட்டது. 1967இல் முதலாவது பொறி கையளிக்கப்பெற்ற ஐ.பி.எம். 360 வரிசையின் 91ஆம் மாதிரியில் நீர் ஓடும் குழாய்த் தொகுதிகள் சுற்று அட்டைகளுக்கிடையே அமைக்கப்பட்டன. காற்று ஓர் அடுக்கைக் கடந்து சூடேறியவுடன் நீர் அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த காற்று அடுத்த அடுக்குக்குள் புகும்.

அதே காலத்தில் தெற்காசியாவிலும் கணினிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. 1960களின் பிற்பகுதியில் கொழும்பிலே அரசாங்கப் பொறியியல் கூட்டுத்தாபனம் கணினி ஒன்றை நிறுவிற்று. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் 1973இல் ஐ.பி.எம். 370 வரிசையின் 155ஆம் மாதிரி நிறுவப்பெற்றது. வெப்ப நாடுகளில் இத்தகைய பொறியை வைத்திருப்பதென்றால் அதற்கென ஒரு மண்டபத்தையே குளிரூட்டி வைக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். பொறிக்காக அறையைக் குளிர்விப்பது செல்வமுள்ள நிறுவனங்களுக்கே இயன்றது. சாதாரண வீடொன்றில் கணினி இருப்பதை அன்று எவரும் எண்ணிப் பார்த்திலர்.

நீரின் ஆட்சி உச்சம் அடைந்தது 1980இல் எனலாம். அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3081 கணினியில், நூற்றுக்கு மேற்பட்ட சிலிக்கன் சிப்கள் ஒரே பீங்கான் தட்டின்மீது பதிக்கப்பட்டன. ஒவ்வொரு சிப்பின் முதுகையும் ஒரு சிறு உலோக உருளை வில்லின் விசையால் அழுத்திக்கொண்டிருந்தது. இடைவெளியிற் காற்றைவிட வெப்பத்தை நன்கு கடத்தும் ஹீலியம் வாயு நிரப்பப்பட்டது. மேலே மூடிய தகட்டினுள் நீர் ஓடிற்று. ஒரு துளி நீரும் மின்சுற்றைத் தொடவில்லை. ஆயினும் வெப்பம் முழுவதும் நீரையே சென்றடைந்தது. 1985இல் வெளிவந்த கிறே-2 வேறொரு வழியிற் சென்றது. மின்சாரத்தைக் கடத்தாத புளோரினேற்று என்னும் திரவத்தில் சுற்று அட்டைகள் முழுவதையும் மூழ்கடித்து வைத்தனர்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த நீரை, ஒன்றரைத் தசாப்தத்துக்குள் அனுப்பிவிடவும் நேர்ந்தது. அதுவரை பெருங்கணினிகளில் வழங்கிய இருமுனைத் திரான்சிற்றர்களைக் காட்டிலும் மிகக் குறைந்த சக்தியில் இயங்கும் சீமோஸ் வகைச் சிப்கள் வளர்ச்சி பெற்றன. 1994இல் ஐ.பி.எம். நிறுவனம் அவ்வகைச் சிப்களால் ஆன, காற்றாலேயே குளிரும் பெருங்கணினிகளை அறிமுகப்படுத்திற்று. குழாயும் பம்பியும் ஒழுக்கு அச்சமும் ஒழிந்தன என்று கணினி மண்டபங்களைப் பராமரிப்போர் மகிழ்ந்தனர். வீட்டுக் கணினிகளுக்கும் அக்காலத்தில் ஒரு சிறு விசிறி போதுமானதாக இருந்தது. 1993இல் வந்த முதலாவது பென்றியம் செயலி ஏறக்குறைய 15 வாற்று வெப்பத்தையே வெளியிட்டது.

ஆனால், சக்தியைச் சிக்கனமாக உண்ட சீமோஸ் சிப்களும் வேகம் கூடக்கூடப் பழைய இடரையே வந்தடைந்தன. 2001ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பற்றிக் கெல்சிங்கர், சிப்களின் வெப்பச் செறிவு இப்படியே வளர்ந்தால் அது விரைவில் அணு உலையின் உட்பகுதிக்கு ஒப்பாகிவிடும் என்று பொறியியலாளர் மாநாடு ஒன்றில் எச்சரித்தார். 2004இல் வெளிவந்த பென்றியம் 4 செயலிகளுட் சில நூறு வாற்றைத் தாண்டின. அவற்றை அடுத்து வரவிருந்த இன்னும் வேகமான செயலித் திட்டத்தை அந்நிறுவனம் அதே ஆண்டிற் கைவிட்டது. ஒரே செயலியின் வேகத்தைக் கூட்டுவதை விட்டு, பல கருக்களை ஒரே சிப்பில் வைக்கும் வழிக்கு உலகம் திரும்பியமைக்கு வெப்பமே தலையாய காரணமாயிற்று.

அதே 2004இல் ஆப்பிள் நிறுவனம் தனது பவர் மக் ஜி5 மேசைக் கணினியின் வேகமிக்க மாதிரியிற் திரவக் குளிரூட்டலைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. அதற்கும் முன்னரே, 1990களின் பிற்பகுதியிலிருந்து, ஆர்வலர் பலர் தம் வீடுகளிலே இம்முயற்சியில் இறங்கியிருந்தனர். மோட்டார் வண்டியின் உட்புறத்தைச் சூடாக்க வைக்கும் சிறு றேடியேற்றரையும், மீன்தொட்டிக்குரிய பம்பியையும், இறப்பர்க் குழாயையும் இணைத்துத் தம் கணினிகளைக் குளிர்வித்தனர். இவ்வாறு கைத்தொழிலாக இருந்ததை, எவரும் திருகாணி முடுக்கிப் பொருத்தக்கூடிய பண்டமாக மாற்றிய நிறுவனங்களுள் 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கில் தொடங்கிய அசெற்றெக் குறிப்பிடத்தக்கது. பம்பியையும் செயலியைத் தொடும் செப்புத் தகட்டையும் ஒன்றாக்கி, குழாயும் றேடியேற்றரும் திரவமும் சேர்த்து, தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிட்டு அனுப்பும் முறை அதனால் பரவிற்று.

பெட்டிகளும் சிறுத்தன. 2001இல் தைவானின் வியா நிறுவனம் 17 சென்ரிமீற்றர் சதுரமான மினி ஐ.ரி.எக்ஸ். என்னும் தாய்ப்பலகை அளவை வகுத்தது. அதனைக் கொண்டு அமையும் பெட்டி ஒரு பெரிய புத்தகக் கட்டளவிலேயே இருக்கும். செயலிகளோ பெருத்தன; 2022இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ9 வகைச் செயலி ஒன்று உச்ச வேலையின்போது 253 வாற்றுவரை உண்ணும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. பெரிய பெட்டியில் உயரமான உலோகச் சிறகுகளையும் அகன்ற விசிறிகளையும் வைத்துக் காற்றாலேயே சமாளிக்கலாம். சிறிய பெட்டியில் செயலியின் தலைக்குமேல் நான்கு விரல் இடந்தானும் இராது. அங்கேதான் நீர் தன் பயனைக் காட்டுகின்றது. செயலியின்மேல் ஒரு மெல்லிய தகடு மாத்திரம் இருக்க, வெப்பத்தை விடும் பரப்பைப் பெட்டியின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடலாம்.

இதனை எண்களால் நோக்குவது பொருத்தம். ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 1,000 யூல் வெப்பம் வேண்டும். நீருக்கு ஏறக்குறைய 4,180 யூல். நீர் காற்றைவிட மிக அடர்த்தியானது. ஆகவே கன அளவால் ஒப்பிட்டால், ஒரு லீற்றர் நீர் ஒரு லீற்றர் காற்றைப்போல் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். 200 வாற்று வெப்பத்தை, சுமக்கும் பொருள் 10 பாகை மட்டும் சூடேறும்படி, அகற்ற வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் லீற்றர் காற்று வேண்டும். நீராயின் ஒரு தேநீர்க் கோப்பையும் சிறிது கூடுதலுமே போதும். சிறுவிரல் பருமனுள்ள குழாய் ஒன்று செய்யும் வேலை இதனால் விளங்கும்.

ஆயினும், சுமந்துசென்ற வெப்பத்தை இறுதியில் ஏற்பது காற்றேயாகும். இதை மறந்தவர் நீரிடம் மிகையாக எதிர்பார்த்து ஏமாறுவர். மூடிய சுற்றில் ஓடும் நீர், அறையின் காற்றைவிடக் குளிர்ந்திருக்க ஒருபோதும் முடியாது. அறை 32 பாகையாயின் நீர் 40 பாகையை ஒட்டியிருக்கலாம். செயலியின் உட்புறம் 80 பாகையை எட்டலாம். வெப்பம் எப்போதும் உயர்ந்த படியிலிருந்து தாழ்ந்த படிக்கே இறங்கும். செயலிகள் 95 முதல் 100 பாகை வரை தாங்குமாறு அமைக்கப்பட்டிருப்பதால் இந்தப் படிவரிசை அவற்றுக்குப் போதுமானது. கையைச் சுடும் நீரும் அதனிலும் சூடான செயலிக்குக் குளிர்ந்த நீரே.

இவ்வுண்மையின் முழுப் பயனையும் விஞ்ஞானிகள் அண்மைக் காலத்திலேயே கண்டனர். அதற்கு வழி வகுத்தது 1981இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரக்கர்மன், பேபியன் பீஸ் ஆகிய இருவர் செய்த சோதனை. தலைமயிரின் பருமனளவான வாய்க்கால்களைச் சிலிக்கனிலேயே வெட்டி அவற்றினூடு நீரைச் செலுத்தியபோது, ஒரு சதுர சென்ரிமீற்றரிலிருந்து 790 வாற்று வெப்பத்தை அகற்ற முடிந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்திற் குளிரூட்டல் தொழில்நுட்ப ஆய்வு மையத்தை நடத்திய சுரேஷ் கரிமெல்லா இந்நுண்வாய்க்கால்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தோருள் ஒருவர். இன்று கடையில் விற்கும் குளிரூட்டியின் செப்புத் தகட்டினுள்ளும் இத்தகைய நுண்ணிய வாய்க்கால்களே உள்ளன. வாய்க்கால் நுண்ணியதாக இருக்க இருக்கச் செயலிக்கும் நீருக்கும் இடையேயான வெப்பநிலை வேறுபாடு குறையும். வேறுபாடு குறைந்தால் நீர் சூடாகவே இருந்தாலும் பாதகமில்லை.

2010இல் சூரிச் நகரில் ஐ.பி.எம். ஆய்வுகூடமும் சுவிற்சர்லாந்தின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து அமைத்த அக்குவாசார் என்னும் கணினிக்கு 60 பாகை வெப்பமுள்ள நீர் அனுப்பப்பட்டது. அது மேலும் சூடேறித் திரும்பியபோது கழகத்தின் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்பட்டது. 2012இல் ஜேர்மனியின் மியூனிக் நகரை அடுத்த கார்ச்சிங்கில் தொடங்கிய சுப்பர்மக் என்னும் மாபெருங் கணினியும் இவ்வாறே இளஞ்சூட்டு நீரால் குளிர்ந்தது. குளிரூட்டும் இயந்திரங்களுக்கு ஆகும் மின்சாரம் பெரிதும் மிஞ்சியது. வெப்ப நாடாகிய இந்தியாவும் இவ்வழியை மேற்கொண்டது. 2022இல் காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்ற பரம் அனந்தா என்னும் மீத்திறன் கணினியில் திரவம் செயலிகளை ஒட்டிய தகடுகளுக்கே நேராகச் சென்று வெப்பத்தைக் கவர்கின்றது. மண்டபம் முழுவதையும் குளிரூட்டிய 1973ஆம் ஆண்டின் முறைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

இவ்வரலாறு வினாயகபுரம் போன்ற கரையோர ஊர்களில் உள்ளோருக்குக் கூறுவது யாது? முதலாவது, கரையின் வெப்பம் நீர்க் குளிரூட்டலுக்குத் தடையன்று. 60 பாகை நீரால் ஒரு கணினி இயங்கியதாயின், 40 பாகை நீரால் இயங்குவதற்குத் தடை யாது? இரண்டாவது, நீரை மேலும் குளிரவைக்கும் ஆசையே இங்கு ஆபத்தானது. வெப்பநிலை 30 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதுமாக உள்ள கடற்காற்றின் பனிபடுநிலை ஏறக்குறைய 26 பாகை. ஐஸ் கட்டியைக் கொண்டோ வேறு வழியாலோ நீரை அதற்குக் கீழே கொண்டுசென்றால், குளிர்பானப் போத்தலின்மேல் வியர்ப்பதுபோலக் குழாய்களின்மேல் நீர்த்துளி படியும். அது சொட்டும் இடம் மின்சுற்றாகவே இருக்கும். குழாய் ஒழுகாமலே பொறி நனைந்து கெடும். மாதக்கணக்கிற் சேமித்த பணத்தில் வாங்கிய பொறி ஒரு மணிநேரக் குளிர்ச்சிக்காகப் பாழாவது பேரிழப்பன்றோ?

மூன்றாவது, நீரின் தூய்மை. தாமாகவே குழாய் இணைத்துச் சுற்று அமைப்போர் கிணற்று நீரை ஊற்றுதல் ஆகாது. கடலையடுத்த கிணறுகளின் உப்பு உலோகத்தை அரிக்கும். செப்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் சேர்ந்திருப்பின் அரிப்பு மேலும் விரைவுறும். வடித்த நீரும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தும் வேண்டும். தொழிற்சாலையில் மூடி முத்திரையிட்டு வரும் குளிரூட்டிகளில் இவை முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும். எனினும் இறப்பர்க் குழாயின் சுவரினூடாகவும் நீர் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைந்து, உள்ளே காற்றுக் குமிழி சேரும். குமிழி எப்போதும் உச்சியை நாடும். பம்பி உச்சியில் இருப்பின் அது காற்றை விழுங்கித் தேயும். றேடியேற்றரின் மேற்பகுதி பம்பியைவிட உயர்ந்திருக்கப் பொருத்தினால் குமிழி தீங்கின்றி அங்கே தங்கும். கடற்காற்றின் உப்பும் தூசியும் றேடியேற்றரின் சிறகுகளிற் படிவதால் அவற்றைக் காலந்தோறும் துப்புரவு செய்தலும் அவசியம்.

நான்காவது, எல்லாவற்றிலும் தலையாயது, வெப்பம் வெளியேறும் வழி. செயலியும் படம் வரையும் அட்டையும் சேர்ந்து 400 வாற்று வெப்பத்தை வெளியிடும் கணினி, ஒரு சிறு அறையிலே நான்கு ஆட்கள் ஓயாது அமர்ந்திருப்பதற்கு ஒப்பானது. அமைதியாக இருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளியிடுகின்றது. அலுமாரிக்குள் வைத்த பெட்டியும், சுவரோடு ஒட்டவைத்த றேடியேற்றரும், சாளரம் மூடிய அறையும் நீரின் உழைப்பை வீணாக்கிவிடும். வெப்பத்தைக் கவர்ந்துசென்ற நீர், இறக்கிவைக்க இடமின்றி அதைத் திரும்பவும் செயலியிடமே கொண்டுவரும். விலைகூடிய குளிரூட்டி வாங்கியும் பயன் காணாதவர் பெரும்பாலும் தவறவிட்டது இதனையே.

எனியாக்கின் காற்றூதிகள் முதல் இன்றைய செப்புத் தகடுகள் வரை நீண்ட இவ்வரலாற்றில் நீர் இருமுறை புகுந்தது, ஒருமுறை விலகியது. வெப்பம் குவிந்தபோதெல்லாம் அது அழைக்கப்பட்டது. வெப்பம் பரந்தபோது அதற்கு வேலையில்லாமற் போயிற்று. வயலிலிருந்து நெல்லை ஏற்றிச் செல்லும் வண்டிலைப்போல, நீர் ஏற்றிய சுமையைக் களஞ்சியம் வரை கொண்டுசேர்க்கும். களஞ்சியத்தின் கதவைத் திறந்துவைப்பது வீட்டாரின் கடமை. கீழ்க்கரையில் மாலைதோறும் கடற்காற்று வீசும் வீட்டில் அக்கதவு, கடலை நோக்கித் திறந்த ஒரு சாளரமாகவே இருக்கலாம்.